டெக்சாஸில் மறைத்து எடுத்துச் செல்லும் கைத்துப்பாக்கிக்கு உரிமம் இருந்தால், பொது நிகழ்ச்சிகளின் சோதனை வாயிலைத் தாண்டிவிடலாமா?

உரிமம் இருந்தாலும் எல்லா வாயிலிலும் விடமாட்டார்கள். பள்ளி விளையாட்டுப் போட்டியோ தொழில்முறை விளையாட்டுப் போட்டியோ நடக்கும் இடம் என்றால் பேச்சே இல்லை. மாநிலச் சட்டமே தடுக்கிறது.

தனியார் இடத்தில் உரிமையாளர் வைத்ததுதான் சட்டம். ஆனால் 'துப்பாக்கி கூடாது' என்று ஏதோ ஒரு தாளில் எழுதி ஒட்டினால் உரிமதாரரை அது கட்டுப்படுத்தாது. தண்டனைச் சட்டத்தின் 30.06 பிரிவு சொல்லும் வாசகம் அப்படியே ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும், குறைந்தது 1 அங்குல உயர எழுத்தில், பளிச்சென்று தெரிய வேண்டும். அதை மீறி நுழைந்தால் 200 டாலர் வரை அபராதம். நேரில் சொல்லியும் வெளியேறாவிட்டால் குற்றத்தின் தரமே ஏறிவிடும், சிறைவரை போகலாம்.

குழப்பம் அரசு நிலத்தில்தான். பொதுவாக அங்கே இந்த அறிவிப்பு செல்லாது. டல்லாஸ் நகரத்துக்குச் சொந்தமான ஃபேர் பார்க்கில் நடக்கும் மாநிலக் கண்காட்சியில் முன்பெல்லாம் உரிமதாரர்கள் துப்பாக்கியோடு போகலாம். 2023இல் உள்ளேயே துப்பாக்கிச் சூடு நடந்தது. 2024இல் கண்காட்சி நிர்வாகம் தடை போட்டது. மாநில அரசின் தலைமை வழக்கறிஞரான அட்டர்னி ஜெனரல் கென் பாக்ஸ்டன் அதை எதிர்த்து வழக்குப் போட்டார். சிக்கல் இதுதான்: நிலம் நகரத்துடையது, தடை போட்டதோ அதைக் குத்தகைக்கு எடுத்த தனியார் அமைப்பு. டெக்சாஸ் உச்ச நீதிமன்றமும் தடையை நிறுத்திவைக்க மறுத்துவிட்டது. ஆகவே டிக்கெட் வாங்கும்போதே நிகழ்ச்சியின் விதிகளைப் படியுங்கள். மெட்டல் டிடெக்டர் அலறிய பிறகு காவலாளியிடம் சட்டப் பிரிவு பேசுவது வீண் வேலை.