மரபணுக்கள் உண்மையிலேயே இடம்விட்டு இடம் தாவுமா? எப்படி?

தாவும். ஆனால் ‘தாவும்’ என்றதும் நம் மனதில் வரும் படம் பாதிதான் சரி.

நான் படித்த காலத்தில் எங்கள் ஆசிரியை ஒரு மக்காச்சோளக் கதிரைக் கையில் கொடுத்து, “ஒரே ஒரு மணியை மட்டும் உற்றுப் பார்” என்றார். வெளிறிய மணி, அதன்மேல் ஊதாப் புள்ளிகள். சில திட்டுத் திட்டாக, சில ஊசி முனையளவில். ஏன் எல்லாம் ஒரே அளவில் இல்லை என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. தெரிந்துகொண்ட அன்று ஏற்பட்ட வியப்பு இன்றும் குறையவில்லை.

அந்த மணியில் ஊதா நிறம் தரும் மரபணுவுக்குள் ‘டிஎஸ்’ என்ற டிஎன்ஏ துண்டு செருகிக்கொண்டிருக்கிறது. அதனால் நிறம் இல்லை. மணி வளரும்போது ஏதோ ஒரு செல்லில் அந்தத் துண்டு வெளியேறுகிறது. உடனே மரபணு உயிர் பெறுகிறது, அந்தச் செல்லின் வாரிசுகள் எல்லாம் ஊதாவாகின்றன. சீக்கிரமே வெளியேறினால் வாரிசுகள் அதிகம், பெரிய திட்டு. கடைசி நேரத்தில் வெளியேறினால் சின்னப் புள்ளி. அதாவது, துண்டு எப்போது கிளம்பியது என்பதைப் புள்ளியின் அளவே சொல்லிவிடுகிறது! பார்பரா மெக்கிளின்டாக் இதை 1940களில், டிஎன்ஏவின் இரட்டைச்சுருள் வடிவம் தெரியவருவதற்கு முன்பே, சோளத்தை வைத்துக் கண்டுபிடித்தார். நோபல் பரிசு 1983இல்தான் வந்தது. அப்போது அவருக்கு வயது 81.

சரி, எப்படி நகர்கிறது? அந்தத் துண்டுக்குத் தானாக நகரும் சக்தி இல்லை. டிரான்ஸ்போசேஸ் என்ற என்சைம் அதன் இரு முனைகளையும் அடையாளம் கண்டு, வெட்டி எடுத்து, வேறிடத்தில் செருகுகிறது. டிஎஸ் துண்டால் இந்த என்சைமைத் தயாரிக்க முடியாது. ‘ஏசி’ என்ற இன்னொரு துண்டு தயாரிப்பதைத்தான் அது பயன்படுத்திக்கொள்கிறது. செருகும் இடத்தில் இரண்டு இழைகளும் நேருக்கு நேர் வெட்டப்படாமல் சற்றுத் தள்ளித் தள்ளி வெட்டப்படுவதால், இடைவெளி நிரப்பப்படும்போது அங்கிருந்த 8 டிஎன்ஏ எழுத்துகள் இருபுறமும் இரட்டிக்கின்றன. துண்டு பின்னால் கிளம்பிப் போனாலும் பெரும்பாலும் அங்கே ஒரு தடம் மிஞ்சும்.

நம் உடலில் கதை வேறு. மனிதரிடம் இன்று நகர்பவை வெட்டி ஒட்டப்படுவதில்லை, நகலெடுக்கப்படுகின்றன. லைன்-1 என்ற துண்டு முதலில் ஆர்என்ஏவாகப் படியெடுக்கப்படுகிறது. அப்புறம் அதன் சொந்த என்சைமே அந்த ஆர்என்ஏவைப் புதிய இடத்தில் டிஎன்ஏவாகத் திருப்பி எழுதுகிறது. மூலம் இருந்த இடத்திலேயே இருக்கும், எண்ணிக்கை மட்டும் ஏறும். இப்படிச் சேர்ந்தவைதான் ஏறக்குறைய 5 லட்சம் லைன்-1 படிகள், நம் டிஎன்ஏவில் சுமார் 17%. பெரும்பாலானவை உடைந்துபோனவை, சுமார் 100 மட்டுமே இன்னும் நகலெடுக்க வல்லவை. 10 லட்சத்துக்கும் மேல் இருக்கும் ‘அலு’ துண்டுகளோ லைன்-1இன் என்சைமைக் கடன் வாங்கியே பெருகின. சோளத்தில் பார்த்த அதே உறவு.

இது பழங்கதை மட்டுமல்ல. ஹீமோபிலியா ஏ என்ற, இரத்தம் சரியாக உறையாத நோய் கொண்ட இருவரின் இரத்த உறைவு மரபணுவுக்குள் லைன்-1 புதிதாகப் புகுந்திருந்ததை 1988இல் கண்டார்கள். பெற்றோரிடம் அந்தச் செருகல் இல்லை.

இவற்றையெல்லாம் ‘குப்பை டிஎன்ஏ’ என்று ஒதுக்குவதை என்னால் ஏற்க முடியாது. நம் நோயெதிர்ப்புச் செல்கள் விதவிதமான ஆன்டிபாடிகளை உருவாக்க டிஎன்ஏவை வெட்டி ஒட்டும் ‘ராக்’ என்சைமே ஒரு பழைய டிரான்ஸ்போசானிலிருந்து, அதாவது இப்படி இடம் மாறும் துண்டிலிருந்து, வந்ததுதான். இன்னொன்று, மரபியலின் தந்தை மெண்டல் எண்ணிப் பார்த்த சுருங்கிய பட்டாணி. மாவுச்சத்து உருவாக்கும் ஒரு மரபணுவுக்குள், ஏசி-டிஎஸ் குடும்பத்தை ஒத்த, சுமார் 800 எழுத்து நீளத் துண்டு புகுந்ததால்தான் பட்டாணி சுருங்குகிறது என்று 1990இல் தெரியவந்தது.