சம்பளமில்லாத ஹேக் பயிற்சிக்கு அப்பாவின் வைப்புத்தொகையை உடைக்கலாமா?

கேள்வி: ஐயா, எனக்கு 26 வயது. மதுரை உயர் நீதிமன்றக் கிளையில் ஒரு மூத்த வழக்கறிஞரிடம் இரண்டு ஆண்டுகளாக ஜூனியராக இருக்கிறேன். அவர் தரும் 15,000 ரூபாயும், சொந்தமாக எடுக்கும் சிறு வழக்குகளில் வரும் சுமார் 11,000 ரூபாயும்தான் என் மாத வருமானம். கல்விக் கடன் தவணை 7,000, வீட்டுக்கு 10,000, என் சொந்தச் செலவு எல்லாம் போக 6,000 ரூபாய் மிஞ்சும். நெதர்லாந்தின் ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றத்தில் ஜூலை முதல் செப்டம்பர் வரை பயிற்சிக்குத் தேர்வாகியிருக்கிறேன். ஊதியமோ பயணப்படியோ கிடையாது. என் சேமிப்பு 2,60,000 ரூபாய். போக்குவரத்துக் கழகத்தில் ஓய்வு பெற்று ஓய்வூதியம் வாங்கும் அப்பா, தன் 8 லட்சம் ரூபாய் வைப்புத்தொகையை உடைத்துத் தருவதாகச் சொல்கிறார். அம்மா தன் நகைகளை அடகு வைக்கலாம் என்கிறார். எது சரி?

பதில்: முதலில் வாழ்த்துகள். எந்தப் பணத்தை எடுப்பது என்பதற்கு முன் எவ்வளவு பணம் வேண்டும் என்பதைப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் அந்த எண் இல்லை.

ஒரு யூரோவை 100 ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன். நீங்கள் கிளம்பும் நாளில் இது மாறியிருக்கும். ஹேக் வாடகைக்குப் பெயர்போன ஊர், அதிலும் சில மாதங்களுக்கு மட்டும் அறை தருபவர்கள் குறைவு. அறை வாடகை மாதம் 800 யூரோ, சாப்பாடு, டிராம், கைப்பேசி எல்லாம் சேர்த்து 450 யூரோ என்று சிக்கனமாகப் போட்டாலும் மூன்று மாதத்துக்கு 3,750 யூரோ, அதாவது 3,75,000 ரூபாய் ஆகிறது. வீட்டுக்காரருக்கு முன்பணமாக ஒரு மாத வாடகை 80,000 ரூபாய் (அந்நாட்டுச் சட்டப்படி இரண்டு மாத வாடகை வரை கேட்கலாம்), விமானக் கட்டணம் 75,000, விசா, காப்பீடு, குளிருடை முதலியவற்றுக்கு 45,000 சேர்த்தால் 5,75,000 வருகிறது. இத்துடன் முடியவில்லை. மூன்று மாதம் கோர்ட்டுக்குப் போகாத ஜூனியரிடம் கேஸ் கட்டுகள் மறுநாளே திரும்பி வருவதில்லை. பழைய நிலைக்கு வர இன்னும் மூன்று மாதம் ஆகும் என்று கொண்டால், அந்த ஆறு மாதத்துக்கும் கல்விக் கடன் தவணை 42,000, வீட்டுக்குத் தர வேண்டியது 60,000. மொத்தம் 6,77,000 ரூபாய். உங்கள் சேமிப்பைப் போல இரண்டரை மடங்குக்கு மேல்.

இதற்கு ஈடாக என்ன கிடைக்கும் என்பதில் ஒளிவு மறைவு வேண்டாம். மதுரைக் கிளையில் ஜாமீன் மனுவோடு வருகிற கட்சிக்காரர் நீங்கள் ஹேக்குக்குப் போயிருந்தீர்களா என்று கேட்டு ஃபீஸைக் கூட்டித் தர மாட்டார். வெளிநாட்டில் எல்.எல்.எம். என்ற சட்ட முதுகலை படிக்க உதவித்தொகைக்கு விண்ணப்பிப்பது, சர்வதேச மத்தியஸ்தத் துறைக்குப் போவது, சட்டக் கல்லூரியில் ஆசிரியராவது ஆகிய பாதைகளில் அந்த அனுபவத்துக்கு நிச்சயம் மதிப்பு உண்டு. அடுத்த இரண்டு ஆண்டுகளில் இவற்றில் ஒன்றில் இறங்கும் எண்ணம் இருந்தால் மட்டுமே இதைக் கடன் வாங்கிச் செய்யத் தகுந்த செலவாகக் கருதுவேன். பாகிஸ்தானில் மரண தண்டனை விதிக்கப்பட்ட இந்தியர் குல்பூஷண் ஜாதவின் வழக்கில் இதே ஹேக் நீதிமன்றத்தில் இந்தியாவுக்காக வாதாட மூத்த வழக்கறிஞர் ஹரிஷ் சால்வே ஒரு ரூபாய் மட்டுமே கட்டணமாகப் பெற்றார் என்று 2017-இல் அன்றைய வெளியுறவு அமைச்சர் சுஷ்மா சுவராஜ் தெரிவித்தார். அந்த ஒரு ரூபாய்க்குப் பின்னால் பல பத்தாண்டுத் தொழில் வருமானம் இருந்தது. உங்களுக்குப் பின்னால் இருப்பது அப்பாவின் ஓய்வுக்காலப் பணம்.

ஆகவே என் முதல் யோசனை, பயிற்சியின் காலத்தையே மாற்றிக் கேட்பது. அந்த நீதிமன்றத்தில் பயிற்சிக் காலம் ஒன்று முதல் மூன்று மாதம் வரை இருக்கலாம். மே, ஜூன் ஆகிய இரண்டு மாதங்களுக்கு மட்டும் வர இயலுமா என்று பதிவாளர் அலுவலகத்துக்குப் பணிவாக எழுதுங்கள். மே மாதத்தில் நம் உயர் நீதிமன்றத்துக்குக் கோடை விடுமுறை என்பதால் நீங்கள் உண்மையில் இழப்பது ஜூன் மாதத் தொழிலை மட்டுமே. மற்றொன்றும் உண்டு. நெதர்லாந்து உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவில் 180 நாட்களுக்குள் 90 நாட்கள்தான் தங்க முடியும். ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் மூன்றையும் கூட்டிப் பாருங்கள், 92 நாட்கள் வரும். மூன்று மாதமே போவதாக இருந்தால், எந்த வகை விசா என்பதை டிக்கெட் எடுக்கும் முன்பே தெளிவாக்கிக்கொள்ள வேண்டும்.

இரண்டு மாதம் என்றால் கணக்கு இறங்குகிறது. தங்கும் செலவு 2,50,000, முன்பணம் 80,000, பயணமும் மற்றவையும் 1,20,000, நான்கு மாதத் (பயிற்சிக்கு இரண்டு, பழைய நிலைக்கு வர இரண்டு) தவணை 28,000, திரும்பி வந்த பின் கையில் வைத்துக்கொள்ள 40,000 என மொத்தம் 5,18,000 ரூபாய். அந்த நான்கு மாதம் வீட்டுக்குப் பணம் தருவதிலிருந்து அப்பா உங்களுக்கு விலக்கு அளிக்கட்டும்; அவர் செய்யக்கூடிய உதவிகளில் வட்டியில்லாதது அதுதான். சேமிப்பு போகக் குறைவது 2,58,000.

இந்தத் தொகைக்காக வைப்புத்தொகையை உடைக்க வேண்டாம். முன்கூட்டியே முடித்தால் பெரும்பாலான வங்கிகள் வட்டியில் அரை முதல் ஒரு சதவீதம் பிடித்துக்கொள்ளும். அதைவிட, உடைத்த பணம் மீண்டும் வைப்பாக மாறுவதை என் அனுபவத்தில் அரிதாகவே கண்டிருக்கிறேன். அதே வைப்பின் மீது அப்பா கடன் வாங்கலாம். வழக்கமாக வைப்புக்குத் தரும் வட்டியைவிட ஒரு சதவீதம் அளவுக்கே கூடுதலாகக் கேட்பார்கள், வைப்பும் தொடர்ந்து வளரும். அம்மாவின் நகைகள் பீரோவிலேயே இருக்கட்டும். குடும்பத்தில் யாருக்காவது மருத்துவச் செலவு வந்தால் ஒரே நாளில் பணமாகக் கூடியது அதுதான். தனிநபர் கடன் பக்கமே போகாதீர்கள். கல்விக் கடன் கேட்கலாமே என்று தோன்றலாம்; பட்டப் படிப்போ கல்லூரிச் சேர்க்கைக் கடிதமோ இல்லாத பயிற்சி என்பதால் வங்கிகள் பெரும்பாலும் தர மாட்டா.

முன்பணம் திரும்பியதும் கடன் 1,78,000 ஆகக் குறையும். மாதம் 6,000 ரூபாயில் அதை வட்டியோடு அடைக்க இரண்டரை ஆண்டுக்கு மேல் ஆகும். இந்த இடத்தில் உங்கள் 15,000 ரூபாயைப் பற்றி ஒரு வார்த்தை. ஜூனியர் வழக்கறிஞர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் குறைந்தது 20,000 ரூபாய் மாத உதவித்தொகை தரப்பட வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூன் மாதத்தில் அறிவுறுத்தியது. இதை உங்கள் சீனியரிடம் எப்படிச் சொல்வது என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அந்த 5,000 கூடினால் கடன் ஒன்றரை ஆண்டு அளவில் முடிந்துவிடும்.

இரண்டு மாதத்துக்கு ஒப்புக்கொள்ளவில்லை என்றால் இம்முறை விட்டுவிடுங்கள் என்பேன், ஏனென்றால் பிறர் பணத்தில் போகும் வழிகளும் இருக்கின்றன. அதே ஹேக் நீதிமன்றத்தின் நீதித்துறை ஃபெலோஷிப் திட்டத்தில் சுமார் பத்து மாதம் ஒரு நீதிபதியோடு நெருங்கிப் பணியாற்றலாம். உங்களைப் பரிந்துரைக்கும் பல்கலைக்கழகமே செலவை ஏற்பது அதன் மரபு. வளரும் நாடுகளின் பல்கலைக்கழகங்களிலிருந்து வருபவர்களுக்காக ஐ.நா. பொதுச் சபை 2020 டிசம்பரில் எடுத்த முடிவின்படி அதற்கு ஒரு அறக்கட்டளை நிதியும் இருக்கிறது. நேரடியாக விண்ணப்பிக்க முடியாது என்பதால், நீங்கள் படித்த பல்கலைக்கழகத்தைப் பரிந்துரைக்க வைப்பதே முதல் வேலை. ஹாம்பர்க்கிலுள்ள சர்வதேசக் கடல் சட்டத் தீர்ப்பாயமும் வளரும் நாட்டுப் பயிற்சியாளர்களுக்கு நிதியுதவி செய்கிறது.

போவது உறுதியானால், உள்ளூர் கிரெடிட் கார்டை அங்கே தேய்க்காதீர்கள். வழக்கமான 3.5 சதவீதக் கட்டணமும் அதன் மீது 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் சேர்ந்தால் 2,50,000 ரூபாய்க்குப் பத்தாயிரத்துக்கு மேல் வீணாகும். இங்கேயே யூரோ நிரப்பி எடுத்துப்போகும் ஃபாரெக்ஸ் கார்டு போதும். ஒரு நிதியாண்டில் 10 லட்சம் ரூபாய் வரை வெளிநாட்டுக்கு அனுப்பும் பணத்துக்கு டி.சி.எஸ். என்ற முன்கூட்டிய வரிப் பிடித்தம் இல்லை என்பதால் அந்தக் கவலை உங்களுக்கு வேண்டாம். அறையை வீடியோ அழைப்பிலாவது பார்க்காமல் முன்பணம் அனுப்பாதீர்கள். அறைக்குள் நுழைந்த அன்றே சுவர், மெத்தை, சமையலறை எல்லாவற்றையும் படம் எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பி வைத்துவிட்டால், கிளம்பும்போது அந்த 800 யூரோவில் கை வைப்பது அவருக்குச் சுலபமாக இருக்காது. அது கணக்கில் ஏறிய அன்றே அப்பாவின் கடனில் கட்டிவிடுங்கள்.