ஷேட், ஷேடோ: எங்கே எது?

மரத்தடியில் உட்கார்ந்திருந்ததை ஆங்கிலத்தில் சொல்ல 'சிட்டிங் இன் தி ஷேடோ' என்று எழுதினால் ஏன் திருத்துகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். இலக்கணப் பிழை இல்லை. ஆனால் கேட்பவருக்கு, யார் கண்ணிலும் படாமல் இருட்டில் ஒதுங்கியிருந்தது போலத் தோன்றலாம்.

தமிழில் இரண்டுமே நிழல்தான், குழப்பம் இயல்பு. வெயில் படாத, இதமான இடம் ஷேட். ஒளியை மறைப்பதால் தரையிலோ சுவரிலோ விழும் உருவம் ஷேடோ. உருவம் என்பதால் எண்ணலாம்: 'டூ ஷேடோஸ்'. மரநிழலை அப்படி எண்ணுவதில்லை. 'தி ஷேட்' அல்லது வெறும் 'ஷேட்' போதும். 'டூ ஷேட்ஸ் ஆஃப் ப்ளூ' என்பது நிறச்சாயல், அது வேறு பொருள்.

அப்புறம், ஓர் ஆளை 'ஷேடி' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நம்பத்தகாதவர் என்று அர்த்தமாகிவிடும்.