ஹீட்டர் எரிந்தது யார் தவறு? பாத்திரம் கழுவும் மெஷினும் வாரண்டியும்

கேள்வி: நானும் என் கணவரும் சிறிய உணவகம் நடத்துகிறோம். உதவிக்கு இரண்டு பேர் இருக்கிறார்கள். எட்டு மாதத்துக்கு முன் ஹூட் வகை பாத்திரம் கழுவும் மெஷின் வாங்கினோம். விற்பனையாளர் நேரில் வந்து சமையலறையைப் பார்த்து, ஒரு நாளைக்கு எத்தனை தட்டு விழும் என்று கேட்டு, இந்த மாடல் போதும் என்று அவரே சொன்னார். ஒரு வருட வாரண்டி. மூன்றாம் மாதத்திலிருந்து டம்ளர்களில் வெள்ளைப் படலம். அப்புறம் இரண்டு நிமிடத்தில் முடிந்த ஒரு ட்ரே ஏழெட்டு நிமிடம் எடுத்தது. போன வாரம் ஹீட்டர் எரிந்து மெஷின் நின்றுவிட்டது. சர்வீஸ்காரர் கழற்றிப் பார்த்து, ‘தண்ணீர் சரியில்லை, தவறான சோப்பு போட்டிருக்கிறார்கள், வாரண்டி பொருந்தாது’ என்று எழுதிக் கையெழுத்து கேட்கிறார். மெஷினுக்கான கெமிக்கல் தீர்ந்த ஒரு நாள் உதவியாள் கையால் பாத்திரம் தேய்க்கும் சோப்புத் திரவத்தை ஊற்றியது உண்மை. ஆனால் தண்ணீரின் கடினத்தன்மையைக் குறைக்கும் சாஃப்ட்னர் வேண்டும் என்று யாரும் எங்களிடம் சொல்லவில்லை. கடைசித் தவணை பாக்கி இருக்கிறது. அதை நிறுத்தலாமா? மெஷினைத் திருப்பிக் கொடுத்துப் பணம் கேட்கலாமா? நுகர்வோர் நீதிமன்றம் போகலாமா?

பதில்: முதலில் ஒரு காரியம். கழற்றிய ஹீட்டரை சர்வீஸ்காரர் எடுத்துப்போக விடாதீர்கள். ஏற்கெனவே எடுத்துப் போயிருந்தால் இன்றே எழுத்தில் திருப்பிக் கேளுங்கள். உங்கள் வழக்கில் பேசக்கூடிய சாட்சி அதுதான். அது போய்விட்டால், அவர் சொன்னதும் நீங்கள் சொன்னதும் மட்டும்தான் மிச்சம்.

அந்த ஹீட்டரைப் பகல் வெளிச்சத்தில் ஒரு வெள்ளைத் துணி மேல் வைத்துப் பாருங்கள். குழாயைச் சுற்றி முட்டை ஓடு போல வெளிறிய கெட்டிப் படிவு இருக்கிறதா, எங்கே வெடித்திருக்கிறது, படிவு எவ்வளவு தடிமன் என்று பாருங்கள். பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள். சுரண்ட வேண்டாம், கழுவவும் வேண்டாம். மெஷினுக்குள் கடைசியாக அலசும் தண்ணீரைத் தெளிக்கும் ரின்ஸ் கைகளில் இருக்கும் சின்னத் துளைகளையும் அப்படியே படம் பிடியுங்கள். சுண்ணாம்பு அடைத்திருந்தால் வெறும் கண்ணுக்கே தெரியும். மெஷினுக்குள் போகும் குழாயிலிருந்து தண்ணீரைச் சுத்தமான இரண்டு பாட்டில்களில் பிடித்து, தேதி எழுதி மூடி, ஒன்றை ஆய்வகத்துக்குக் கொடுங்கள். கடினத்தன்மை எவ்வளவு என்று அறிக்கையில் எண்ணாக வரவேண்டும். இன்னொன்று உங்களிடமே இருக்கட்டும். இதெல்லாம் முடிகிற வரை படிவை நீக்கும் அமிலம் எதையும் மெஷினில் ஊற்ற விடாதீர்கள்.

சர்வீஸ் அறிக்கையில் கையெழுத்துப் போடுவதில் பயம் இல்லை. ஆனால் வெறும் கையெழுத்துப் போடாதீர்கள். ‘மெஷினைப் பார்வையிட்டதற்கு மட்டும் கையொப்பம். குறிப்பிட்டுள்ள காரணத்தை ஏற்கவில்லை’ என்று உங்கள் கையாலேயே எழுதி, அதன் கீழே போடுங்கள். அந்த வரியை எழுத அவர் விடவில்லை என்றால் கையெழுத்தே வேண்டாம். அதே விஷயத்தை அன்றைக்கே மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள்.

இனி மெஷினுக்கு என்ன ஆனது என்று பார்ப்போம். இது புரிந்தால்தான் சட்டம் புரியும். நீங்கள் மூன்று கோளாறுகளைச் சொல்லியிருக்கிறீர்கள். என் கணிப்பில் அவை மூன்றும் ஒரே கோளாறின் மூன்று கட்டங்கள். கடின நீரைச் சூடாக்கினால் சுண்ணாம்பு பிரிந்து படியும். முதலில் டம்ளரில் வெள்ளையாகத் தெரியும், பிறகு ஹீட்டரைப் போர்த்தும். போர்த்திய ஹீட்டரின் சூடு தண்ணீருக்குப் போகாது. வெப்பத்தால் கிருமி நீக்கும் மெஷின்களில் கடைசி ரின்ஸ் தண்ணீர் 82 டிகிரி செல்சியஸ் அளவுக்கு ஏற வேண்டும். அது ஏறும் வரை ரின்ஸைத் தொடங்காமல் காத்திருக்கும் அமைப்பு பல மாடல்களில் உண்டு. இரண்டு நிமிடம் ஏழெட்டு நிமிடமானது பெரும்பாலும் இதனால்தான். மெஷின் பழுதாகவில்லை, தன் வேலையைச் சரியாகத்தான் செய்துகொண்டிருந்தது. உள்ளே சிக்கிய சூட்டில் ஹீட்டர் தன்னையே எரித்துக்கொண்டது.

டம்ளரை நீங்களே சோதிக்கலாம். ஒன்றின் பாதியை வினிகரில் சிறிது நேரம் ஊறவைத்துத் துடையுங்கள். வெள்ளை போய்விட்டால் அது சுண்ணாம்பு. போகவில்லை என்றால் கண்ணாடியே அரிக்கப்பட்டிருக்கிறது. அதற்குக் கழுவும் கெமிக்கல் அதிகம் போட்டது, அளவுக்கு மீறி மென்மையான தண்ணீர் என்று வேறு காரணங்கள் இருக்கும், பொறுப்பும் வேறு இடத்துக்குப் போகும். இந்தச் சோதனையைக் காணொளியாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சோப்பு விஷயத்துக்கு வருகிறேன். நடந்ததை மறைக்காமல் எழுதியது நல்லது. மறைத்திருந்தால் குறுக்கு விசாரணையில் வெளியே வந்து உங்கள் மற்ற எல்லாப் பேச்சையும் கெடுத்திருக்கும். கைசோப்பு ஊற்றினால் தொட்டி முழுக்க நுரை எழும்பும், பம்ப் தண்ணீருக்குப் பதில் நுரையை இழுக்கும், தெளிப்பின் வேகம் குறையும், கதவு வழியாகக் கசியும். தொட்டியை வடித்து, அலசி, மறுபடி நிரப்பினால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஆனால் ஒரு நாள் நுரை ஹீட்டர் மேல் மாதக்கணக்கில் சுண்ணாம்பு படிய வைக்காது. வாரண்டி நிபந்தனை ஒன்றை மீறியதும், அந்த மீறலால் இந்தப் பழுது வந்ததும் வேறு வேறு. ‘தவறான சோப்பு’ என்று அவர் எழுதினால், ‘அந்தச் சோப்பு இந்த ஹீட்டரை எப்படி எரித்தது’ என்று நீங்கள் கேட்க வேண்டும். உங்கள் வாரண்டி அட்டையில் எந்த மீறலும் மொத்த வாரண்டியையும் ரத்து செய்யும் என்று இருக்கிறதா, அதனால் வந்த பழுதுக்கு மட்டும் பொருந்தாது என்று இருக்கிறதா என்பதை வரி வரியாகப் படியுங்கள்.

தண்ணீர்தான் உண்மையான சண்டை. எங்கிருந்து எழுதுகிறீர்கள் என்று நீங்கள் குறிப்பிடவில்லை. இந்த விஷயத்தில் அது பெரிய தடை இல்லை. இந்தியாவின் 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டம், இலங்கையின் 1896-ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம், மலேசியாவின் 1957-ஆம் ஆண்டுச் சட்டம் எல்லாமே 1893-இன் பிரிட்டிஷ் சட்டத்தின் வழியில் வந்தவை. எதற்காக வாங்குகிறோம் என்பதை விற்பவரிடம் தெரிவித்து, அவருடைய அனுபவத்தை நம்பி வாங்கினால், பொருள் அந்த வேலைக்குத் தகுந்ததாக இருக்க வேண்டும் என்பது எழுதாமலேயே ஒப்பந்தத்தில் இருக்கும் நிபந்தனை. இந்தியச் சட்டத்தில் இது பிரிவு 16. அவர் சமையலறையைப் பார்த்தார், தட்டுக் கணக்கைக் கேட்டார், மாடலை அவரே சொன்னார். நீங்களாகவே ஒரு கம்பெனியின் பெயரைச் சொல்லி ‘இதுதான் வேண்டும்’ என்று கேட்டிருந்தால் உங்கள் வாதம் பலவீனமாகியிருக்கும். அப்படி இல்லை என்பது உங்கள் பலம். அந்தப் பேச்சு நடந்த வாட்ஸ்அப் செய்திகளை அழித்துவிடாதீர்கள்.

அவர் தரப்பு கையேட்டைக் காட்டும். ‘கடினத்தன்மை இவ்வளவுக்கு மேல் போனால் சாஃப்ட்னர் கட்டாயம்’ என்று அதில் இருக்கலாம். அப்படியானால் இரண்டு கேள்விகள். அந்தக் கையேடு உங்கள் கைக்கு எப்போது வந்தது? விலை பேசி முன்பணம் கொடுத்த பிறகு பெட்டிக்குள் வந்த நிபந்தனை, ஒப்பந்தத்தின் பகுதிதானா என்று வாதாட இடம் இருக்கிறது. அடுத்தது, மெஷினை மாட்டிய அன்று தண்ணீரைச் சோதித்தார்களா? மாட்டிய அறிக்கையில் கடினத்தன்மைக்கு ஒரு கட்டம் இருக்கும் வாய்ப்பு உண்டு. அது காலியாக இருந்தால் அந்த ஒரு தாளே உங்களுக்குப் பெரிய துணை. மாறாக, நீங்கள் கையெழுத்திட்ட விலைப்புள்ளியிலேயே ‘தண்ணீரின் தரம் வாங்குபவர் பொறுப்பு’ என்று இருந்தால், நான் உங்களை நீதிமன்றத்துக்கு அனுப்ப மாட்டேன், பேசி முடிக்கத்தான் சொல்வேன். எழுதாத நிபந்தனையை எழுதிய நிபந்தனையால் விலக்க முடியும்.

காரணத்தை அறியாமல் வழக்குப் போடக்கூடாது என்று நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. என்னிடம் ஒருவர், ‘புது மெஷின், தண்ணீரே பீய்ச்சவில்லை, ஏமாற்றிவிட்டார்கள்’ என்று வந்தார். நோட்டீஸ் தயாராகிவிட்டது. அனுப்பும் முன் வேறொரு டெக்னீஷியனைப் பார்க்கச் சொன்னேன். சமையலறை ஒயரிங்கை மாற்றியபோது அவருடைய சொந்த எலக்ட்ரீஷியன் மின்சாரம் வரும் மூன்று ஃபேஸ் ஒயர்களில் இரண்டை இடம் மாற்றியிருந்தார். பம்ப் தலைகீழாகச் சுற்றிக்கொண்டிருந்தது. ஒயரை மாற்றிப் போட்டதும் சரியாகிவிட்டது. அந்த நோட்டீஸ் போயிருந்தால் அவர் தோற்றிருப்பார், செலவையும் கட்டியிருப்பார். அதனால் நீங்களும் விற்பனையாளரோடு தொடர்பில்லாத ஒரு டெக்னீஷியனிடம் காரணத்தை எழுதி வாங்குங்கள். வடிகட்டி, வால்வு, தண்ணீர் அழுத்தம், ஃபேஸ் எல்லாவற்றையும் பார்த்து, எது சரியாக இருந்தது என்பதையும் அவர் எழுத வேண்டும்.

திருப்பிக் கொடுப்பது பற்றி: காலம் கடந்துவிட்டது என்றே நினைக்கிறேன். பொருளை ஏற்றுக்கொண்டு மாதக்கணக்கில் பயன்படுத்திய பிறகு, நிராகரிக்கும் உரிமை போய், இழப்பீடும் விலைக் குறைப்பும் கேட்கும் உரிமை மட்டும் மிஞ்சும். வாரண்டியில் ‘மாற்றித் தரப்படும்’ என்ற வாசகம் இருந்தால் அது தனி.

தவணையைச் சத்தமில்லாமல் நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் ஒப்பந்தத்தை மீறியவர் நீங்கள் என்று கதை திரும்பிவிடும். விற்பவர் நிபந்தனையை மீறியதைக் காட்டி விலையில் கழித்துக்கொள்ள இந்தியச் சட்டத்தின் பிரிவு 59 இடம் தருகிறது. ஆனால் கழிக்கும் தொகைக்குக் கணக்கு வேண்டும். ஹீட்டர், வேலைக்கூலி, சாஃப்ட்னர் என்று பட்டியலிட்டு, இவ்வளவு கழிக்கிறேன், மீதியை இந்தத் தேதியில் தருகிறேன் என்று முன்கூட்டியே எழுதுங்கள். மெஷினைக் கடன் நிறுவனம் வழியாக வாங்கியிருந்தால் அந்தத் தவணையில் கை வைக்கவே வேண்டாம். அது வேறு ஒப்பந்தம், அவர்களுக்கு ஹீட்டரைப் பற்றிக் கவலை இல்லை.

நுகர்வோர் ஆணையம் பற்றி: வணிகத்துக்காக வாங்குபவர் நுகர்வோர் இல்லை என்பதுதான் பொது விதி. இந்தியாவில் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் அதையே சொல்கிறது. ஆனால் சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டும் வாங்கினால் விலக்கு உண்டு. சொந்தமாக மெஷினை இயக்கிப் பிழைப்பவர் ஒன்றிரண்டு பேரை உதவிக்கு வைத்துக்கொண்டதால் நுகர்வோர் இல்லை என்று ஆகிவிடாது என்று இந்திய உச்ச நீதிமன்றம் 1995-இல் சொல்லியிருக்கிறது. கணவனும் மனைவியும் அடுப்படியில் நிற்கும் கடை, உதவிக்கு இருவர். நீங்கள் அந்த விலக்குக்குள் வருவீர்கள் என்றே நினைக்கிறேன். எதிர்த்தரப்பு இதைத்தான் முதலில் தாக்கும். எனவே இந்த உணவகமே உங்கள் பிழைப்பு என்பதை மனுவிலேயே தெளிவாக எழுதுங்கள். அங்கே இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். உரிமையியல் நீதிமன்றம் என்றால் பொதுவாக மூன்று வருடம். மற்ற நாடுகளில் காலக்கெடு வேறு, உள்ளூர் வழக்கறிஞரிடம் அதை உறுதி செய்துகொள்ளுங்கள்.

வழக்கு முடியும் வரை மெஷினை மூடி வைக்கலாமா என்றால், கூடாது. நஷ்டத்தைக் குறைக்க நியாயமான முயற்சி எடுத்திருக்க வேண்டும் என்று சட்டம் எதிர்பார்க்கிறது. ஆதாரங்களைப் பதிவு செய்து, நோட்டீஸ் கொடுத்து, அவர்கள் வந்து பார்க்கப் பத்து நாள் போல அவகாசம் தாருங்கள். வராவிட்டால், உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை என்று எழுதிவிட்டு வெளியே பழுது பாருங்கள். பழைய ஹீட்டர் உங்களிடமே இருக்கட்டும். இடைப்பட்ட நாளில் கையால் கழுவ ஆள் வைத்தால், கூலிக்குக் கையெழுத்து வாங்குங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ‘சூட்டை அளக்கும் சென்சாரை பைபாஸ் பண்ணிவிட்டால் சூடு ஏறாமலே ஓடும், சமாளிக்கலாம்’ என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். அந்த மாதிரி மெஷினில் கிருமியைக் கொல்வது அந்தச் சூடுதான். தட்டு பளபளப்பாக வெளியே வரும், ஆனால் சுத்தமாகியிருக்காது. சாப்பிட்டவருக்கு ஏதாவது நேர்ந்தால், மெஷின் விற்றவரைக் கேட்க முடியாது, பைபாஸ் செய்து ஓட்டிய உங்களைத்தான் கேட்பார்கள். புது ஹீட்டர் போட்ட பிறகு, வெப்பத்தில் நிறம் மாறும் பட்டை ஒன்றைத் தட்டில் ஒட்டி ஓட்டிப் பாருங்கள். 71 டிகிரியில் நிறம் மாறும் பட்டைகள் கிடைக்கின்றன. நிறம் மாறிய பட்டையைத் தேதி போட்டு நோட்டில் ஒட்டி வையுங்கள். வாரத்துக்கு ஒரு பட்டை, கூடவே சாஃப்ட்னருக்கு உப்பு போட்ட தேதி. அடுத்த முறை யாராவது ‘பராமரிக்கவில்லை’ என்று எழுதினால் அந்த நோட்டை எடுத்து மேசை மேல் வையுங்கள்.

விலைப்புள்ளி, மாட்டிய அறிக்கை, வாரண்டி அட்டை மூன்றின் நகலையும் அனுப்புங்கள். நோட்டீஸில் என்ன கேட்பது என்பதை அவற்றைப் படித்துவிட்டு எழுதுகிறேன்.