பழைய ஃபோல்டர், புதிய பைத்தான்

கேள்வி: பைத்தான் 3.11ஐ எடுத்துவிட்டு 3.12 போட்டேன். பழைய நம்பை (NumPy, பைத்தானில் எண் கணக்குகளுக்கான நூலகம்) ஃபோல்டரை அப்படியே கொப்பி பண்ணி வைத்தும் இம்போர்ட் ஆகவில்லை. என் கோடில் பிழையா? – வாசகர், கல்முனை

பதில்: உங்கள் கோடில் ஒன்றுமில்லை தம்பி. அந்த ஃபோல்டரைத் திறந்து பாருங்கள், சில கோப்புகளின் பெயரிலேயே 311 என்று இருக்கும், அவை 3.11க்கென்றே கம்பைல் செய்தவை (கணினி நேரடியாக ஓட்டும் வடிவத்துக்கு மாற்றியவை), பைத்தானுக்குள் எந்தத் தரவு எத்தனையாவது பைட்டில் கிடக்கிறது என்பதுவரை நம்பி ஓடுபவை. 3.12இலோ ஒரு சாதாரண முழு எண்ணை நினைவகத்தில் வைக்கும் முறையே மாறிவிட்டது. பெயரை 312 என்று மாற்றி ஏமாற்றலாம் என்று நினைக்க வேண்டாம் (நானும் செய்து பார்த்தவன்தான்!). 3.11.4இலிருந்து 3.11.5 போல கடைசி எண் மட்டும் மாறினால் இந்தத் தலைவலி இல்லை. பெயரில் abi3 என்று இருக்கும் கோப்புகளும் (பல பைத்தான் பதிப்புகளுக்குப் பொதுவாகக் கம்பைல் செய்தவை) தப்பித்துவிடும், ஆனால் நம்பை அந்த வகை அல்ல. சரி, பைத்தானின் இன்ஸ்டால் கருவியான பிப் (pip) மூலம் மறுபடி இன்ஸ்டால் பண்ணுங்கள், மட்டக்களப்பு பஸ் வருவதற்குள் முடிந்துவிடும்.