'ரன்' என்ற சொல்லும் நம் வேளாண்மை வெட்டும்

அன்புள்ள ஐயா,

என் மகள் தரம் 10 படிக்கிறாள். ஆங்கில டியூஷனில் 'ரன்' என்ற ஒரு சொல்லுக்கு நாற்பது அர்த்தம் எழுதிக் கொடுத்துப் பாடமாக்கச் சொல்லியிருக்கிறார்கள். "ஓடுறது எண்டுதானே படிச்சம், இப்ப கடை நடத்துறதும் ரன், மூக்கு வடியிறதும் ரன்" என்று அழுகிறாள். இதை எப்படி மனதில் வைத்திருப்பது?

ஒரு தாய், களுவாஞ்சிகுடி

அன்புள்ள சகோதரி,

மகள் அழுவதில் நியாயம் இருக்கிறது. ஆக்ஸ்போர்டு பேரகராதியில் 2011இல் அந்தச் சொல்லைத் திருத்தி எழுதியபோது, வினைச்சொல்லாக மட்டும் 645 பொருள் கண்டார்கள். பீற்றர் கில்லிவர் என்ற பதிப்பாசிரியருக்கு அந்த ஒரு சொல்லுக்கே ஒன்பது மாதம் பிடித்தது. ஆங்கிலேயப் பிள்ளை ஒன்றும் இதைப் பாடமாக்கிப் பேசுவதில்லை.

மகளிடம் 'வெட்டு' என்ற சொல்லைக் கேட்டுப் பாருங்கள். மாசியில் வயலில் விளைந்த வேளாண்மை வெட்டுகிறோம். மழை கூடி வாவி நிரம்பினால், தண்ணீர் கடலுக்குப் போக முகத்துவாரம் வெட்டுகிறோம். கிணறு வெட்டுகிறோம், முடி வெட்டுகிறோம். வேளாண்மை என்றதும் அவள் கண்ணில் தாக்கத்தி வரும், கிணறு என்றதும் மண்வெட்டி வரும். யாரும் பட்டியல் போட்டுக் கொடுக்கவில்லை. பக்கத்தில் நிற்கும் சொல்தான் அவளுக்குப் பொருளைக் காட்டிக் கொடுத்தது.

'ரன்'னும் அப்படித்தான். ஆறு, மூக்கு, எஞ்சின், கடை எல்லாவற்றிலும் நிற்காமல் போய்க்கொண்டிருப்பது என்ற ஒரு சாயல் இருக்கிறது. அதைப் பிடித்துவிட்டால் பாதிப் பாரம் இறங்கிவிடும். சில இடத்தில் அது ஊருக்கு ஊர் மாறும், அதுவும் அழகுதான். தேர்தலுக்கு அமெரிக்கர் 'ஓடுகிறார்கள்', பிரித்தானியர் 'நிற்கிறார்கள்'. நாமும் நிற்கிறோம், இல்லாவிட்டால் எலெக்ஷன் கேட்கிறோம்.

சரி, இப்போதைக்கு அந்த நாற்பதில் ஆறை மட்டும் எடுக்கட்டும். ஒவ்வொன்றுக்கும் தான் கண்ட ஒன்றை வைத்து ஒரு ஆங்கில வசனம் எழுதட்டும்: கல்லடிப் பாலத்துக்குக் கீழே ஓடும் தண்ணீர், வீதியில் உள்ள பெட்டிக்கடை, ஏழு மணி பஸ், தம்பி கிரிக்கெட்டில் எடுத்த ரன். எழுதியதை எனக்கு அனுப்பி வையுங்கள், திருத்தித் தருகிறேன்.