தபால்தலையின் பின்பக்கம்

அன்புள்ள ஐயா,
போன மாதம் பணி ஓய்வு பெற்றேன். சிறுவயதில், வந்த கடித உறைகளைத் தண்ணீரில் ஊறவைத்துத் தபால்தலைகளைப் பிரித்தெடுத்துச் சேர்த்தவன். இப்போது வீட்டுக்குக் கடிதமே வருவதில்லை. அதனால் முத்திரை குத்தாத புதிய தபால்தலைகளைச் சேர்க்க நினைக்கிறேன். எங்கே தொடங்குவது? பின்னாளில் விலை ஏறுமா?
எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

விலையைப் பேசி முடித்துவிடுவோம். ஏறும் என்று நம்பி வாங்காதீர்கள். நினைவுத் தபால்தலைகள் லட்சக்கணக்கில் அச்சாகின்றன. உங்களைப் போலவே பலரும் பத்திரப்படுத்துகிறார்கள். 1948 ஆகஸ்ட் 15 அன்று வெளிவந்த காந்தி வரிசையில் பத்து ரூபாய்த் தபால்தலை இன்று பெருவிலைக்குப் போகிறது. அன்று பத்து ரூபாயை அதற்குக் கொடுத்துவிட்டு, ஒட்டாமல் எடுத்து வைக்க எத்தனை பேருக்கு முடிந்திருக்கும்?

உங்கள் ஊர்த் தலைமை அஞ்சலகத்தில் தபால்தலை சேகரிப்புப் பிரிவைக் கேளுங்கள். 200 ரூபாய் கட்டி வைப்புக் கணக்கு தொடங்கினால், புதிதாக வருபவை அச்சிட்ட விலைக்கே கிடைக்கும். எல்லாவற்றையும் வாங்க வேண்டாம். மனதுக்கு நெருக்கமான ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். நான் தமிழ் எழுத்தைப் பிடித்துக்கொண்டேன். 1960இல் திருவள்ளுவருக்கும் பாரதியாருக்கும் தபால்தலை வந்தது, இரண்டும் 15 நயா பைசா. வள்ளுவர் கையில் எழுத்தாணியும் ஓலையும் இருக்கும். அதைத் திருப்பி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால், காகிதத்துக்குள் அசோகத் தூணின் சிங்கத் தலை நீர்க்குறியாகத் தெரியும். முதன்முறை அதைப் பார்த்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

திருப்பிப் பார்ப்பதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். புதிய தபால்தலைக்கு முன்பக்கம் பாதி, கோந்து இருக்கும் பின்பக்கம் மீதிப் பாதி. பழையதை வியாபாரியிடம் வாங்கும்போது, ஆல்பத்தில் ஒட்டிய காகிதத் துண்டின் தடம் கோந்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மதிப்புக் குறைவு. கோந்து போனதற்குப் புதிதாகத் தடவி விற்பவர்களும் உண்டு. அப்படியானால் ஓரத்துப் பல் நுனிகளில் கோந்து ஏறி விறைப்பாக இருக்கும். நல்லதில் நுனி நூல்நூலாக, மென்மையாக இருக்கும். விரலால் தொடாதீர்கள், வியர்வை ரேகை பதிந்துவிடும். முனை தட்டையான இடுக்கி வாங்கிக்கொள்ளுங்கள்.

2006 டிசம்பரில் சந்தன மணம் வீசும் 15 ரூபாய்த் தபால்தலை வெளிவந்தது. ஆசையாக வாங்கி, சாதாரண பிளாஸ்டிக் உறையில் போட்டு, சுவரோரம் நின்ற இரும்பு அலமாரியில் வைத்தேன். அடுத்த மழைக்காலம் முடிந்து திறந்தபோது எல்லாம் உறையோடு ஒட்டிக் கிடந்தன. ஊறவைத்துத்தான் எடுக்க முடிந்தது. கோந்தும் போயிற்று, மணமும் போயிற்று. இன்றும் அவற்றைத் தூக்கிப்போட மனம் வரவில்லை.

ஆகவே அமிலமில்லாத காகிதத்தில் செய்த ஸ்டாக் புக், அதாவது தபால்தலைகளை ஒட்டாமல் செருகி வைக்கும் பட்டிகள் உள்ள புத்தகம், வாங்குங்கள். படுக்கவைத்து மேலே எடை ஏற்றாமல், நிறுத்தி வையுங்கள். பக்கத்தில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று இருக்கட்டும். மழை விட்ட நாளில் எடுத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டிக் காற்றாட விடுங்கள். ஐப்பசி பிறப்பதற்குள் இந்த ஏற்பாடுகளை முடித்துவிடுங்கள்.